சிங்கப்பூருக்கு நாலேகால் மணி, உடம்புக்குப் பதினோரு மணி

மகள் பிரசவத்துக்கென்றோ பேரனைப் பார்க்கவென்றோ ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிங்கப்பூர் கிளம்பும் பெரியவர்கள் டிக்கெட்டை நீட்டி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ராத்திரி 11 மணிக்கு மதுரையில் ஏறினால் காலை 5.45க்கு இறங்கலாம்னு போட்டிருக்கே டாக்டர், ஏழு மணி நேரமா உட்காரணும்?"

இல்லை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. அதைக் கழித்தால் பறப்பது நாலேகால் மணிதான். வான்வழியில் சுமார் 3,000 கி.மீ. துபாயும் மதுரையிலிருந்து ஏறக்குறைய அதே தூரம். அங்கே ஒன்றரை மணி பின்னால் என்பதால், டிக்கெட்டில் பயணம் குறைவாகத் தெரியும்.

நான் கணக்கிடச் சொல்வது வீட்டு வாசலிலிருந்து. கிருஷ்ணன்கோவில், தே.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக விமான நிலையத்துக்குக் காரில் இரண்டு மணி. அங்கே மூன்று மணி முன்னதாக இருக்க வேண்டும். பறப்பது நாலேகால். இறங்கி, குடிநுழைவுச் சோதனை முடிந்து, மகள் வீடு சேர ஒன்றரை மணி. ஆக ஏறக்குறையப் பதினோரு மணி நேரம், அதில் பெரும்பகுதி காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடி.

இப்படி நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருந்தால், சிலருக்குக் காலில் ஆழ்சிரை ரத்த உறைவு (உள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிப்போவது) ஏற்படலாம். எல்லோருக்கும் வருவதில்லை, பயப்பட வேண்டாம். அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், முன்பே ஒருமுறை ரத்தம் கட்டியவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு காலும் லேசாக வீங்குவது வழக்கம். படுத்து எழுந்தால் வடிந்துவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அது வேறு. ஊர் போய்ச் சேர்ந்து சில நாள் கழித்தும் இது வரலாம். அப்போது நம் வீடுகளில் முதலில் செய்வது, சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கட்டிய ரத்தம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு ஏறுவதும் வேண்டாம்; வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு அது ரத்தக்கசிவை உண்டாக்கும்.

மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலையும் விரல்களையும் மாறி மாறி உயர்த்துங்கள். கழிப்பறைக்கு எழக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் நிறையப் பேர். நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், தண்ணீர் குடியுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் இன்சுலினையும் மாத்திரைகளையும் மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். சரக்கறையின் குளிரில் இன்சுலின் கெட்டுப்போகலாம். பெட்டி வந்து சேராமலும் போகலாம். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினியாக விமானத்துக்குக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். இரண்டரை மணி வித்தியாசத்துக்கு மருந்தளவைப் பெரும்பாலும் மாற்ற வேண்டியிருக்காது. இருந்தாலும் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இங்கே 108, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995.