ஆஸ்பத்திரி நிர்வாகப் படிப்பும் நம் பிள்ளைகளின் உத்தியோகமும்

கேரி தீவிலும் அதனையடுத்த தோட்டப்புறங்களிலும் வாழ்ந்த மூத்தோர்க்கு ‘டிரஸ்ஸர்’ என்றால் யாரென்று விளக்க வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு மருந்து கலந்து கொடுத்தவர் என்றே பலரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் அன்றாடம் செய்த காரியங்களை எண்ணிப் பார்த்தால், பாதிக்கு மேல் வைத்தியமன்று, நிர்வாகம். மருந்து இருப்பைக் கணக்கெடுப்பது, லயத்துச் சாக்கடையையும் குடிநீரையும் ஆயாக் கொட்டகையையும் பார்வையிடுவது, நோயாளிப் பதிவேடு எழுதுவது, முறை வைத்து வந்துபோகும் டாக்டருக்கு விவரம் சொல்வது ஆகிய யாவும் அவர் தலையில்தான் இருந்தன. தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் இந்நாட்டில் தனிச் சட்டம் பிறந்தது. டிரஸ்ஸர் அனுபவத்தால் கற்ற அந்த மறுபாதி வேலைதான் இன்று பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமாகப் படிப்பிக்கப்படுகிறது.

விஷயம் புதிதன்று. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டி முடித்த மன்சூரி ஆஸ்பத்திரி வக்ஃபு வருமானத்தில் நடந்தது. அதன் வரவு செலவைப் பார்க்க நாழிர் என்ற அதிகாரி இருந்தார். ஹக்கீம் வேறு, நாழிர் வேறு. அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகம் 1934இல் இதற்கென முதுநிலை வகுப்பைத் தொடங்கியது. இந்தியாவிலும் மலேசியாவிலும் பின்னர் பரவிற்று.

நம் வியாபாரிகளில் பலர், ஆஸ்பத்திரி உத்தியோகம் என்றாலே டாக்டர் உத்தியோகம் என்று எண்ணுகிறார்கள். விஞ்ஞானப் பாடத்தில் நாட்டமில்லாத பிள்ளையையும் கடன்பட்டு அயல்நாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அப்பட்டமும் முன்போல் உறுதியான வேலையைத் தந்துவிடுவதில்லை. 2016 டிசம்பர் முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் புதிய டாக்டர்கள் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26இல் அவர்கள் கறுப்புடை அணிந்து வேலையை விட்டு வெளியே வந்து முறையிட்டதை நாடே பார்த்தது. கணக்கில் கெட்டிக்காரனான பிள்ளைக்கு வேறொரு வாசல் இருக்கிறதா என்று பார்ப்பது தந்தையின் கடமையாகிறது.

அப்படிப்பில் என்ன கற்பிக்கிறார்கள்? கணக்கியல், சுகாதாரப் பொருளாதாரம், சட்டம், ஊழியர் மேலாண்மை, புள்ளிவிவரம், தரக் கட்டுப்பாடு என்று பாடங்கள் நீளும். அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

100 படுக்கையுள்ள ஆஸ்பத்திரி ஒன்று. சராசரியாக 80 படுக்கைகளில் ஆள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் 80 பெருக்கல் 365, அதாவது 29,200 படுக்கை நாட்கள். ஒரு நோயாளி சராசரி 5 நாள் தங்கினால் ஆண்டில் 5,840 பேருக்கு இடம் கிடைக்கும். 4 நாளானால் 7,300 பேர். புதுக் கட்டடம் எழுப்பாமல், ஒரு கட்டிலும் வாங்காமல், 1,460 பேருக்குக் கூடுதலாக வைத்தியம்! ஜவுளிக்கடைக்காரர் இதைக் கண்டதும் புரிந்துகொள்வார். அலமாரியின் அளவு லாபத்தைத் தீர்மானிப்பதில்லை. சரக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

ஆனால் நோயாளி துணிக்கட்டு அல்லர். குணமாகுமுன் அனுப்பினால் மறுவாரமே திரும்பி வருவார். ஆகவே நிர்வாகி கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஐந்தாம் நாள் எதனால் வந்தது என்பதே. இரத்தப் பரிசோதனை முடிவு தாமதமா? டாக்டர் காலையில் போகலாம் என்று சொல்லியும், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் மாலைவரை வரவில்லையா? வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்து கட்டி முடியவில்லையா? வைத்தியத்தில் கைவைக்காமல் வீண் நேரத்தை மட்டும் பிரித்தெடுப்பதுதான் இக்கல்வியின் சாரம் என்பது என் கருத்து.

இதற்கு நம் தமிழகத்திலேயே சிறந்த உதாரணம் உண்டு. அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கட்டணம் தருவோர் தரும் பணத்தைக் கொண்டே ஏழைகளுக்கு இலவசமாகக் கண்புரை அறுவை செய்ய வேண்டும் என்பது அவர் திட்டம். எண்ணம் உயர்ந்தது, கணக்கு உதைக்கக் கூடியது. 1980களின் தொடக்கத்தில் ஆர். டி. துளசிராஜ் என்பவர் அங்கே வந்து சேர்ந்தார். அவர் டாக்டர் அல்லர். கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் படித்துத் தனியார் கம்பெனியில் வேலை பார்த்தவர். டாக்டர் வெங்கடசாமி அவரை நேரே நாற்காலியில் உட்கார்த்திவிடவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார நிர்வாகம் பயின்றுவரச் செய்தார்.

அங்கே நடைபெறும் முறையைக் கேளுங்கள். அறுவைக் கூடத்தில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை முடிகையில், அடுத்த மேசையில் அடுத்தவர் ஆயத்தமாக இருப்பார். டாக்டர் திரும்பிக்கொண்டால் போதும். பார்வை சோதிப்பது, சொட்டு மருந்திடுவது போன்றவற்றைப் பயிற்சிபெற்ற கிராமத்துப் பெண்கள் செய்கிறார்கள். கண்ணுள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து ஏறத்தாழ நூறு டாலர் விலையில் வந்துகொண்டிருந்தது. 1992இல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்கூடத்தை நிறுவி, விலையை அதில் பத்திலொரு பங்களவுக்கு இறக்கினார்கள். கொள்முதல் விலை தெரிந்த வியாபாரிக்கு இதன் பொருள் விளங்கும். அதே ஆண்டில் பிற கண் ஆஸ்பத்திரிகளுக்கு நிர்வாகம் கற்பிக்கும் லைக்கோ என்ற நிலையத்தையும் ஏற்படுத்தினார்கள். துளசிராஜ் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இனி மலேசிய நிலைமை. இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டியதொன்றுண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இயக்குநராக வருகிறவர் டாக்டரே. தனியார் ஆஸ்பத்திரிகளிலும், 1998இல் இயற்றப்பட்டு 2006 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த தனியார் சுகாதாரச் சட்டத்தின்படி, ‘பொறுப்பாளர்’ பதிவுபெற்ற டாக்டராக இருத்தல் வேண்டும். முதுகலை முடித்த மறுநாளே பிள்ளை ஆஸ்பத்திரித் தலைவனாகிவிடுவான் என்று யாரேனும் ஆசைகாட்டினால் நம்பற்க.

திறந்திருக்கும் வாசல்கள் வேறு. கிள்ளானிலேயே பந்தாய், கேபிஜே, ஸ்ரீ கோத்தா என்று தனியார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. இத்தகைய இடங்களில் கணக்கு, கொள்முதல், மருந்துக் கிடங்கு, இன்ஷூரன்ஸ், நோயாளர் சேவை, தரப் பிரிவு, வெளிநாட்டு நோயாளர் பிரிவு ஆகியவை டாக்டரல்லாதோர் கையில் நடப்பவை. இளங்கலை முடித்தவன் இவற்றுள் ஒன்றில் கீழ்ப்படியில் நுழைகிறான், பிரிவு மேலாளராகிறான், பின்னர் செயலாட்சிப் பொறுப்புக்கும், சிலர் தலைமை நிர்வாகி பதவிக்கும் உயர்கிறார்கள். மேலாளர் நிலையைத் தாண்டும் இடத்தில்தான் முதுகலை பயன் தருகிறது. எனவே இரண்டு மூன்று ஆண்டு ஆஸ்பத்திரியில் உழைத்த பிறகு படிப்பதே மேல். வேலையறியாமல் படிப்பவனுக்குப் பாடம் வெறும் சொல்லாகவே நிற்கும். கடையில் அத்தாவுக்குத் துணையாக நின்று, காலாவதித் தேதி முந்தியதை முன்னே அடுக்கப் பழகிய பிள்ளைக்கு மருந்துக் கிடங்கு அந்நியமாகத் தோன்றாது. (மருமகனுக்கு ‘டாக்டர்’ பட்டம் வேண்டுமென்று நிற்கும் மாமியார்களுக்கு விளக்கம் சொல்வதுதான் சற்றுக் கடினம்.)

பணம் கட்டுமுன் சில விசாரணைகள் அவசியம். படிப்பின் பெயர் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, வேலையிலிருப்போர்க்கு மாலையிலோ வாரக் கடைசியிலோ வகுப்பு உண்டா, ஆஸ்பத்திரியில் நேர்ப்பயிற்சி பாடத்தில் சேர்ந்ததா, எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை வாரம் என்று எழுத்து மூலம் கேளுங்கள். சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தரத் தயங்கும் கல்லூரியில் முன்பணம் கட்ட வேண்டாம்.