அந்த மோதிரத்தை வாங்குவதற்கு முன்

அன்புள்ள வாசகருக்கு,

மீனும் நங்கூரமும் செதுக்கிய ஒரு ரோமானிய மோதிரத்தின் படத்தை அனுப்பி, “இது ஆதி கிறிஸ்தவர்கள் அணிந்ததுதான் என்கிறார் விற்பவர். ஆனால் சிலுவையைக் காணோமே, நம்பலாமா?” என்று கேட்டிருந்தீர்கள். சிலுவை இல்லை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். மீன் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடவும் வேண்டாம்.

முதல் மூன்று நூற்றாண்டுகளில் சிலுவை என்றால் அடிமைகளையும் கலகக்காரர்களையும் அறைந்து கொல்லும் மரம். அதை நகையில் பொறித்துக்கொண்டவர்கள் மிக அரிது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு சிறிய ஜாஸ்பர் கல்லில் சிலுவையில் தொங்கும் இயேசுவைக் காணலாம். ஆனால் அதிலும் மந்திரச் சொற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. 312-ல் கான்ஸ்டன்டைன் ரோமைக் கைப்பற்றிய பிறகுதான், கிறிஸ்துவின் பெயரிலுள்ள முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பின்னிய சின்னம் வெளிப்படையாகப் பரவியது. சிலுவை நகைகள் பெருகியது அதற்கும் பின்னால்.

அதற்கு முன் என்ன அணிந்தார்கள்? கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் அலெக்சாந்திரியா கிளமெண்ட் இதற்கு நேரடியாகவே பதில் எழுதி வைத்திருக்கிறார். மோதிரம் அழகுக்காக அல்ல, வீட்டுப் பொருள்களுக்கு முத்திரை வைக்கத்தான் என்பது அவர் கட்சி. ஆண்கள் அதைச் சுண்டுவிரலின் அடிவரை தள்ளிப் போடட்டும். வேலைக்கு இடைஞ்சல் இருக்காது, மூட்டு தடுப்பதால் கழன்றும் விழாது என்கிறார். முத்திரைக்கு அவர் அனுமதிக்கும் உருவங்கள்: புறா, மீன், காற்றில் விரையும் கப்பல், யாழ், நங்கூரம். சிலைகளின் முகம், வாள், வில், மதுக்கிண்ணம் ஆகியவை கூடாது. யாழ் பொலிகிராட்டிஸ் அரசனின் முத்திரை, நங்கூரம் செலூக்கஸ் மன்னனின் முத்திரை என்பதையும் அவரே சேர்த்துச் சொல்கிறார். கிறிஸ்தவர்களுக்கென்று புதிய உருவங்களை அவர் படைக்கவில்லை. ஊரெல்லாம் புழங்கிய உருவங்களில் தங்கள் நம்பிக்கைக்கு ஒத்துவருவதைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார். ஆகவே ஒரே நங்கூரத்தைக் கிறிஸ்தவரும் அணிந்திருக்கலாம், கடல் வணிகரும் அணிந்திருக்கலாம்.

2021 டிசம்பரில் இஸ்ரேல் தொல்லியல் துறை வெளியிட்ட மோதிரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செசரியா கடலோரத்தில் மூழ்கிய ஒரு ரோமானியக் கப்பலின் சிதைவுகளோடு கிடைத்தது. எண்கோணத் தங்க வளையம், நடுவில் பச்சைக் கல். அதில் குட்டை அங்கி அணிந்த இளைஞன் ஓர் ஆட்டைத் தோளில் சுமந்து நிற்கிறான். வளையம் சிறியது என்பதால் ஒரு பெண்ணுடையதாக இருக்கலாம் என்கிறார்கள். தோளில் ஆடு சுமக்கும் உருவம் கிறிஸ்தவத்துக்கு முன்பே கிரேக்கர்களிடம் இருந்தது. ஹெர்மஸ் தெய்வத்தை அப்படிச் செதுக்கினார்கள். அப்படியிருந்தும் இதை இயேசுவைக் குறிக்கும் ‘நல்ல மேய்ப்பன்’ என்று சொல்ல வலுவான காரணங்கள் உண்டு. கூடக் கிடைத்த நாணயங்கள் மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைக் காட்டுகின்றன. செசரியாவோ, இயேசுவின் சீடர் பேதுரு ரோமானியப் படைத்தலைவர் கொர்நேலியுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஊர். மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜன் பாடம் சொன்ன ஊர். அங்கேயே யாழ் செதுக்கிய ஒரு சிவப்புக் கல்லும் கிடைத்தது. கிளமெண்டின் பட்டியலில் யாழ் இருக்கிறது. ஆனால் அது அப்பல்லோவின் யாழாகவும் இருக்கலாம் என்பதால் அதைக் கிறிஸ்தவக் கல் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. இந்த நிதானம்தான் ஆய்வாளரையும் வியாபாரியையும் பிரித்துக் காட்டுகிறது.

உருவம் ஒன்றும் எழுத்து ஒன்றுமாகப் பேசும் மோதிரமும் உண்டு. 1785-ல் இங்கிலாந்தின் சில்செஸ்டர் அருகே ஒரு வயலில் கிடைத்த தங்க மோதிரத்தின் முகப்பில் வீனஸ் தேவதை இருக்கிறாள். வளையத்தைச் சுற்றியோ, “செனிசியானே, இறைவனில் வாழ்க” என்ற கிறிஸ்தவ வாழ்த்து லத்தீனில் ஓடுகிறது. செதுக்கியவர் நடுவில் ஒரு கோட்டைக் கூடுதலாகப் போட்டுவிட்டதால், கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் போயிருக்கிறது. எழுத்து இல்லையென்றால் இதை வீனஸை வழிபட்டவரின் மோதிரம் என்றே எழுதிவைத்திருப்பார்கள்.

ஆகவே, விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இது எங்கே, எதோடு கிடைத்தது, எந்த ஆவணத்தோடு வெளியே வந்தது என்பதைத்தான். பதில் இல்லையென்றால் அது போலியாக இருக்கலாம். அல்லது திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்ததாக இருக்கலாம். இரண்டாவது இன்னும் மோசம். கிடைத்த இடம் தெரியாமல் போகும்போது, அதை அணிந்தவர் யார், எதை நம்பினார் என்று அறியும் வழியும் அழிந்துபோகிறது. வாங்க ஆளிருக்கும்வரை தோண்டுபவர்களும் இருப்பார்கள். தயவுசெய்து அந்த மோதிரத்தை வாங்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்