சேற்றில் சுற்றும் சக்கரம்

கேள்வி: மழை விட்டதும் தொழிற்சாலை முற்றத்துச் சேற்றை மினி டிராக்டரில் பிளேடு கட்டித் தள்ளுகிறோம். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. கனடாவில் பனி தள்ளும் என் மகன் சங்கிலி கட்டச் சொல்கிறான். கட்டலாமா?
- வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: வேண்டாம். சங்கிலி உறைபனியைக் கடிக்கும். உங்கள் சிமென்ட் தளத்தையும் கீறிவிடும். பொன்னேரிப் பக்கம் சேற்றுழவுக்குப் போடும் கேஜ் வீலும் வயலுக்குத்தான், தளத்துக்கு அல்ல.

வண்டிக்குத் தேவை பின்பக்கக் கனம். வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வரும்வரை டயரை நிரப்புங்கள். முக்கால் பங்கு நிறையும். லிட்டருக்கு ஒரு கிலோ கனம், செலவோ சொற்பம். கனடாவில் வெறும் தண்ணீர் உறைந்துவிடும் என்பதால் கால்சியம் குளோரைடு கலப்பார்கள், பீட்ரூட் வகைச் சாறுகூட ஊற்றுவார்கள்! நமக்கு அந்தக் கவலை இல்லை. பின்னால் மண்மூட்டைப் பெட்டி மாட்டினால் இன்னும் நல்லது.

டயரில் பட்டை தேய்ந்திருந்தால் மட்டும் இத்தனையும் வீண்; முதலில் அதைப் பாருங்கள். டிஃபரென்ஷியல் லாக்கை நேராகப் போகும்போது மட்டும் மிதியுங்கள், திரும்பும் முன் விட்டுவிடுங்கள். சேற்றையும் ஒரே மூச்சில் தள்ளாமல், பாதி அகலமாகத் தள்ளுங்கள்.