அணைந்த புள்ளி, அணையாத ரேடியம்

சாலாக் செலாத்தானில் உங்கள் தாத்தா வீட்டு இழுப்பறையில் ஒரு பழைய முக்குளிப்புக் கைக்கடிகாரம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணாடியில் கீறல். முகப்புப் புள்ளிகள் பழுப்பேறிவிட்டன. புதிய சாயம் பூசலாமா என்று நினைப்பீர்கள். பழைய கடிகாரம் சேகரிப்பவரோ, "அப்படியே விடுங்கள்" என்பார். அவருக்கு அந்தப் பழுப்பு நிறமே மதிப்பு.

ஏன்? இவை அலங்காரப் பொருள்கள் அல்ல. கடலடியில் உயிர் காத்த கருவிகள். காற்றுக் கலன் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முக்குளிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தே கணக்கிட்டார். ஃபாவ்ர் லூபா நிறுவனம் 1968இல் வெளியிட்ட 'பாத்தி' நேரத்தோடு ஆழத்தையும் காட்டியது. அந்நிறுவனத்தைத் தமிழ்நாட்டின் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டைட்டன் 2011இல் வாங்கியது.

ஆழ்கடல் இருட்டில் முள்ளும் எண்ணும் தெரிய வேண்டுமே! அதற்காக ஒளிரும் சாயம் பூசினார்கள். கதிரியக்கப் பொருள் வெளியிடும் துகள்கள் துத்தநாக சல்ஃபைடில் மோத, அது ஒளிர்ந்தது. 1950களில் ரேடியம் பயன்பட்டது; 1960களில் பலர் டிரிடியத்துக்கு மாறினர்.

இனி கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் படிவ இயற்பியலில் 'அரை ஆயுள்' வரும். கதிரியக்க அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம் அது. டிரிடியத்துக்கு ஏறத்தாழ 12.3 ஆண்டுகள். 1964இல் பூசிய சாயம் இன்று ஐந்து அரை ஆயுள்களைக் கடந்துவிட்டது. ½ × ½ × ½ × ½ × ½ = 1/32. மிஞ்சியது சுமார் 3 விழுக்காடு.

ரேடியம்-226இன் அரை ஆயுளோ சுமார் 1,600 ஆண்டுகள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ 97 விழுக்காடு அப்படியே இருக்கும்! பிறகு ஏன் ஒளி இல்லை? துகள்கள் ஓயாமல் தாக்கியதில் துத்தநாக சல்ஃபைடு கெட்டுவிட்டது. விளக்கு அணைந்தது, கதிரியக்கம் அணையவில்லை.

1920களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கடிகார முகப்புக்கு ரேடியம் பூசிய இளம்பெண்கள் தூரிகை நுனியை உதட்டால் கூராக்கினர். வேதியியலில் கால்சியத்தை ஒத்த ரேடியம் அவர்களின் எலும்பில் படிந்தது. தாடை எலும்பு சிதைந்து பலர் மாண்டனர்.

இந்த அச்சத்தால் பிளான்பான் நிறுவனம் 1960களில் சில கடிகாரங்களின் முகப்பில் 'கதிரியக்கம் இல்லை' என்ற சின்னத்தையே பொறித்தது. இன்று சேகரிப்பாளர்கள் தேடுபவற்றில் அதுவும் ஒன்று.

ஆகவே, பழைய கடிகாரம் கிடைத்தால் நீங்களே திறக்காதீர்கள், புள்ளிகளைச் சுரண்டாதீர்கள். ஆல்ஃபா துகள்கள் கண்ணாடியைத் தாண்டா. ஆனால் உதிர்ந்த சாயத்தூள் மூச்சோடு உடலுக்குள் போகலாம். படுக்கையருகே வைக்காமல் பெரியவர்களிடம் கொடுங்கள்.

செய்து பாருங்கள்: 49 ஆண்டுகளுக்கு முன் பூசிய டிரிடியத்தில் இன்று எத்தனை பங்கு மிஞ்சியிருக்கும்?