தரையில் நின்ற பிறகே இறுக்கு



நம்மில் பலருக்கு முதல் கார் அப்பா ஓட்டிய பழைய புரோட்டோன் அல்லது பெரோடுவாதான். எங்கள் வீட்டில் புரோட்டோன் வீரா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் பாட்டி இன்னும் இருக்கிறார். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, ஆனால் செம்மண் பாதை மட்டும் அப்படியேதான். பழம் ஏற்றும் லோரிகள் போட்ட குழியில் ஏறி இறங்கித்தான் மாதா மாதம் பாட்டியை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறோம். கார் வழியில் நின்றால் பரவாயில்லை, தள்ளிக்கொண்டு போகலாம். ஸ்டீயரிங் கைவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் இந்தப் பாடம்.

முன்பக்கத்தில் என்ன இருக்கிறது?

நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலும் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்புதான். 1940களில் ஏர்ல் மேக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்தது. ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒரே தூணாக மேலே நிற்கும். கீழே லோவர் ஆர்ம் சக்கரத்தைப் பிடித்திருக்கும். லோவர் ஆர்மின் வெளி முனையில் பால் ஜாயிண்ட், உள் முனையில் ரப்பர் புஷ். ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து வரும் கம்பியின் நுனியில் டை ரோட் எண்ட். முதலில் தேய்வது இவைதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மெதுவாகக் குழியில் இறங்கும்போது "டொக்" என்ற சத்தம், நேர் சாலையில் ஸ்டீயரிங் ஆட்டம், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்வது. இந்த மூன்றும் அறிகுறிகள். உறுதி செய்ய, சக்கரத்தை ஜேக்கில் தூக்கி, காரை ஜேக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். கடிகாரத்தின் 12, 6 மணி இடத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். 9, 3 மணி இடத்தில் மட்டும் ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ரோட் எண்ட். நீங்கள் ஆட்டும்போது இன்னொருவர் டார்ச் அடித்து எந்த மூட்டு அசைகிறது என்று பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் சாமான் வாங்காதீர்கள்.

வேலைக்கு முன் மூன்று விதி

ஒன்று: சமமான சிமெண்டுத் தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இரண்டு: வெறும் ஜேக்கை நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. ஜேக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டுதான். மூன்று: ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கை வீட்டில் பிரிக்காதீர்கள். அழுந்திய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே கொன்றுவிடும். அந்த வேலையைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

டை ரோட் எண்ட் மாற்றுவது

கழற்றும் முன் லாக் நட்டு இருக்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். ஸ்பிளிட் பின்னை உருவி, கோட்டை மதில் மாதிரி வெட்டு விழுந்த நட்டைக் கழற்றி, புல்லர் வைத்து மூட்டைப் பிரியுங்கள். பழைய எண்ட் எத்தனை சுற்றில் கழன்றதோ எண்ணிக்கொண்டு, புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகு பின் துவாரம் நேராக வரவில்லையா? இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தி நேராக்கக் கூடாது. பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள், புதுப் பின்தான்.

நான் செய்த தவறு

போன செமஸ்டர் விடுமுறையில் இரண்டு பக்க லோவர் ஆர்மையும் நானே மாற்றினேன். சத்தம் போய்விட்டது. அப்பாவுக்கு ஒரே பெருமை. ஐந்தே மாதத்தில் அதே "டொக்" திரும்பி வந்தது. கள்ளச் சாமானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரர் மேல் எனக்குக் கோபம். பல வருடம் போர்மனாக இருந்த மாமா வந்து கீழே பார்த்தார். புஷ் ரப்பர் சுற்றிலும் கிழிந்திருந்தது.

"தம்பி, காடி தொங்கிக்கிட்டு இருக்கும்போதே போல்ட்ட இறுக்கிட்டியா?"

"ஆமா மாமா. அப்பத்தான் கைக்கு வசதியா இருந்துச்சு."

"கடைக்காரன் மேல தப்பு இல்லடா. ஒன் மேலதான்."

காரணம் இதுதான். புஷ்ஷின் வெளி வளையம் ஆர்மோடு ஒட்டியிருக்கும். உள் வளையத்தைப் போல்ட் காரின் சட்டத்தோடு நசுக்கிப் பிடித்திருக்கும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது அங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை, நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுங்கிக் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், ரப்பருக்கு அந்த நிலைதான் ஓய்வு நிலை. காரை இறக்கியதுமே ரப்பர் முறுங்கிவிடும். நிற்கும்போதும் முறுக்கம், ஓடும்போதும் முறுக்கம், குழியில் இன்னும் அதிகம். ராத்திரி பகலாகக் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே ஒருவன் எத்தனை நாள் தாங்குவான்?

சரியான முறை இது: போல்ட்டுகளைக் கையிறுக்கத்தில் மட்டும் விடுங்கள். பால் ஜாயிண்ட் நட்டை முழுதாக இறுக்குங்கள். சக்கரத்தை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள். பாரம் சக்கரத்தில் நிற்கும் அந்த நிலையில், புஷ் போல்ட்டை டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். ஸ்பானர் எட்டவில்லை என்றால், இறக்கும் முன்பே சக்கரத்துக்கு அடியில் அகலமான தடித்த பலகை வைத்துக்கொள்ளுங்கள். புஷ்ஷில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். இயற்கை ரப்பர் கனிம எண்ணெய் பட்டால் உப்பிக் கெட்டுவிடும்.

இன்னொன்றையும் யோசித்தேன். முறுக்கத்தை இத்தனை லட்சம் தடவை தாங்குகிறது என்பதால்தான் இந்த வகைப் புஷ்களுக்கு இன்றும் இயற்கை ரப்பரை விரும்பி எடுக்கிறார்கள். பாட்டி விடியுமுன் எழுந்து வெட்டிய பால் அதற்குத்தான் போயிருக்கும். அந்த ரப்பரை அவசரத்தில் கிழியவிட்டது நான்.

கடைசி வேலை

ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறு பக்கத்தையும் சோதியுங்கள். முடித்ததும் மெதுவாக ஓட்டிப் பார்த்து, நேரே அலைன்மெண்ட் செய்யும் கடைக்குப் போங்கள். இது கட்டாயம். முதல் தடவை என்றால் அனுபவமுள்ள ஒரு போர்மனிடம் காட்டிய பிறகே குடும்பத்தை ஏற்றுங்கள். அதில் வெட்கமே இல்லை.

ஆயுத பூஜையன்று ஸ்பானருக்கும் காருக்கும் பொட்டு வைக்கிறோம், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். நல்லதுதான். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு போல்ட்டைச் சரியான நிலையில், சரியான அளவில் இறுக்குவதும் அந்தப் பூஜையின் பாதிதான். நான் அதைச் செய்யாமல் பொட்டு மட்டும் வைத்திருந்தேன்.

இந்த வாரப் பயிற்சி: வீட்டுக் காரின் முன் சக்கரம் இரண்டையும் 12–6, 9–3 சோதனை செய்து பாருங்கள். அடுத்த கூட்டத்தில் யார் யார் காரில் என்ன ஆட்டம் என்று பேசுவோம்.