குடலழற்சியும் பத்தியமும்

பத்தியம் என்னும் சொல் நம் நாட்டாருக்குப் புதியதன்று. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம், அம்மை கண்டவனுக்குப் பத்தியம், நாட்டு மருந்து உண்பவனுக்குப் பத்தியம் என்று, நோயும் உணவும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவன என்பதை நம் பாட்டிமார் நன்கறிந்திருந்தனர். திருவள்ளுவரும் மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களுள் ஆறனை உணவுக்கே ஒதுக்கினார். இறுதிப் பாவில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்னும் நான்கனையும் ஒருங்கே வைத்தார். உணவா, மருந்தா, இரண்டில் ஒன்றைச் சொல் என்று கேட்கும் வழக்கம் அவர்க்கில்லை. அவ்வழக்கம் இப்பொழுது நம்மிடையே புகுந்திருக்கின்றது. அதனால் பெருங்கேடு விளைவதற்கு இடமான ஒரு நோயைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அந்நோய் நாட்பட்ட குடலழற்சி எனப்படும். அஃது இரு வகைத்து. ஒன்று பெருங்குடற்புண் அழற்சி. மலக்குடலிலே தொடங்கி மேல்நோக்கி இடைவெளியின்றிப் பரவிப் பெருங்குடலின் உட்தோலை மட்டும் புண்ணாக்குவது. மற்றொன்று, 1932-இல் நியூயார்க்கு நகரத்து மருத்துவர் குரோன் என்பவரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் விரித்தெழுதியமையால் குரோன் நோய் என்று பெயர் பெற்றது. வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்தும் தோன்றலாம். குடற்சுவர் முழுதும் ஊடுருவும். நாளடைவில் குடலைச் சுருக்கி வழியடைக்கவும், புரையோடி அயலுறுப்புக்களைத் துளைக்கவும் வல்லது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே குடலில் வாழும் நுண்ணுயிர்களோடு ஓயாது பொருது, தன் வீட்டையே கொளுத்துவதுபோல் குடலைப் புண்ணாக்குவது இவ்விரண்டிற்கும் பொதுவியல்பு. மேனாட்டாரின் நோய் என்று முன்னர் எண்ணப்பட்ட இதனைப் பஞ்சாபில் வீடுதோறும் சென்று ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட மருத்துவர்கள், நூறாயிரம் பேருக்கு ஏறத்தாழ 44 பேரிடம் பெருங்குடற்புண் அழற்சி இருக்கக் கண்டனர். பெரும்பாலும் இளமையிலேயே இது தாக்கத் தொடங்குகின்றது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கு அப்பால் சமவெளியில் அமைந்துள்ள நைனார்பாளையத்திலோ அதனை அடுத்த சிற்றூர்களிலோ ஓர் இளைஞனுக்கு இந்நோய் தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்கின்றான். நாளொன்றுக்கு ஏழெட்டு முறை வயிறு போகின்றது, சளியும் இரத்தமும் கலந்து போகின்றன, இரவிலும் எழுந்தோடுகின்றான். வீட்டிலுள்ளோர் முதலில் சொல்லுவது, "உடம்புச் சூடு" என்பது. அடுத்தது, "மூலம்" என்பது. மோர் குடிக்கின்றான், மூலத்திற்கு மருந்து உண்கின்றான், பின்னர்ச் சீதபேதி என்று கடையில் மாத்திரை வாங்குகின்றான். இவ்வாறு பல திங்கள் கழிகின்றன. இதற்குள் இரத்தம் வற்றி முகம் வெளுக்கின்றது; எடை குறைகின்றது; முழங்காலும் கணுக்காலும் நோகின்றன. மூட்டு நோவுக்கென்று அவன் உண்ணும் டைக்ளோபெனாக், ஐபூபுரோபென் முதலிய வலி மாத்திரைகளே குடற்புண்ணை மீண்டும் கிளறக்கூடியன என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் இலர்.

மூலத்தில் மலங்கழிந்தபின் தூய இரத்தம் சொட்டும். கழிச்சலும், சளியும், இரவில் எழுந்தோடுதலும், இளைப்பும் அதற்கு இயல்பல்ல. சீதபேதி தக்க மருந்தால் சில நாட்களில் அடங்கும். நாலு வாரம் கடந்தும் இரத்தத்தோடு வயிறு போகுமாயின், வேறு காரணம் தேடுதல் வேண்டும். மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் பொருளின் அளவைக் காண்பதும், குழாய் வழியாகக் குடலின் உட்புறத்தை நோக்கிச் சிறு துணுக்குக் கிள்ளியெடுத்துச் சோதிப்பதும் இதற்குரிய வழிகள். நம் நாட்டில் வேறோர் இடர்ப்பாடும் உண்டு. குடலைத் தாக்கும் காசநோய் குரோன் நோயைப் பெரிதும் ஒத்திருப்பது. காசத்தைக் குரோன் நோயென்று மயங்கி எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் காசம் மூண்டெழும். குரோன் நோயைக் காசமென்று மயங்கிப் பல திங்கள் காசமருந்து கொடுத்தால் அதற்குள் குடல் சுருங்கிவிடும். ஆதலின் இந்நோயில் கைம்மருந்தும் ஊகமும் உதவா. கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. சேலமும், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் ஒரு நாளிற் சென்று மீளத்தக்க தொலைவிலேயே உள்ளன.

இனி மருந்தின் கதையைச் சிறிது கூறுவாம். சுவீடன் நாட்டில் நன்னா சுவார்ட்ஸ் என்னும் அம்மையார், மூட்டுவாதத்திற்கென்று, சல்பா மருந்தொன்றையும் சாலிசிலிக வகைப் பொருளொன்றையும் பிணைத்துச் சல்பாசலசின் என்னும் மருந்தை ஆக்குவித்து, 1940-களில் அதனைக் குடற்புண் உடையோருக்கும் கொடுத்து நலங்கண்டார். இரு பொருள்களில் எது நோயைத் தணிக்கின்றது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. வங்காள நாட்டினராகிய ஆசாத் கான் என்னும் மருத்துவர் ஆக்ஸ்போர்டில் தம் ஆசிரியர் துரூலவ் முதலியோருடன் ஆராய்ந்து 1977-இல் அதனை விளக்கினார். வழி எளிது: இரண்டையும் தனித்தனியே பிரித்து ஆசனவாய் வழியே செலுத்திப் பார்த்தனர். நோயைத் தணித்தது சாலிசிலிகப் பகுதியே. சல்பாப் பகுதி அதனைப் பெருங்குடல் வரை கொண்டு சேர்க்கும் வண்டியாக இருந்ததேயன்றி வேறில்லை. வண்டியை நீக்கிச் சரக்கை மட்டும் கொடுக்கும் மருந்தே இன்று மெசலமின் என்ற பெயரால் வழங்குவது. துரூலவ் அவர்களே விட்ஸ் என்பாருடன் கூடி, 210 நோயாளிகளிடம் கார்ட்டிசோனைச் சோதித்து, 1955-இல் அதன் பயனை நிலைநாட்டியவர். கடுந்தாக்குதலில் உயிரிழப்பு மிகுந்திருந்த காலம் அத்துடன் மாறத் தொடங்கிற்று.

கார்ட்டிசோனின் இனத்தைச் சேர்ந்த ஸ்டீராய்டு மருந்துகள் நெருப்பை அணைக்கும் நீர் போல்வன. அணைந்தபின்னும் ஊற்றிக்கொண்டேயிருத்தல் தகாது. எலும்பு நலியும், சர்க்கரை ஏறும், கண்ணிற் புரை படரும். எனினும் அவற்றைத் திடீரென்று நிறுத்துதலும் ஆபத்து. மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைத்தலே முறை. அவற்றின் இடத்தில் நின்று நெடுங்காலம் காக்கும் அசதியோப்ரின், உண்ணத் தொடங்கியபின் பயன் தர இரண்டு மூன்று திங்கள் ஆகும். பிறப்பிலேயே அமைந்த ஒரு வேறுபாட்டால் ஆசிய மக்களிற் சிலர்க்கு அதனால் இரத்த வெள்ளணுக்கள் விரைந்து குறைவதுண்டு. ஆகவே தொடக்கத்தில் அடிக்கடி இரத்தச் சோதனை வேண்டும். 1998-இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு ஏற்கப்பட்ட இன்ஃபிளிக்ஸிமாப் முதலிய ஊசி மருந்துகள் இன்று நம் நாட்டிலேயே செய்யப்படுகின்றன. விலை முன்னினும் குறைந்திருப்பினும், ஏழைக்கு இன்னும் எட்டாத உயரந்தான்.

நிற்க. இந்நோயில் உணவுக்குள்ள இடம் யாது?

நீலகிரிக் குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய மக்காரிசன் என்னும் மருத்துவர், அழுத்த ஆவியில் நெடுநேரம் அவித்துச் சத்தழிந்த அரிசியைக் குரங்குகட்கு உணவாக ஊட்டினார். பலவற்றிற்குக் கழிச்சல் கண்டது. அறுத்துப் பார்த்தபோது பெருங்குடல் அழன்றிருந்தது. 1921-இல் தம் நூலில் இதனை விரித்தெழுதினார். மனிதரின் குடலழற்சிக்குச் சத்துக்குறைவே காரணம் என்பது இதனால் பெறப்படாது. ஆயினும் உணவு கெட்டால் குடற்சுவர் கெடும் என்பதைத் தமிழ்நாட்டு மலையொன்றில் ஒருவர் கண்முன் காட்டினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அண்மையில், 21 நாடுகளில் 1,16,087 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கண்ட ஆராய்ச்சியொன்று 2021-இல் வெளிவந்தது. ஆலைகளில் பலவாறு பதப்படுத்தி உறையிலிட்டு விற்கும் தின்பண்டங்களையும் இனிப்புக் குடிநீர்களையும் மிகுதியாகக் கொள்வோர்க்கு இந்நோய் மிகுதி என்று அது காட்டிற்று. பேருந்து நிறுத்தத்துப் பெட்டிக்கடைகளில் சரஞ்சரமாகத் தொங்குவன எவை என்பதை நேயர்கள் அறிவர்.

நோய் மூண்டிருக்கும்போது கொள்ளும் உணவும், அடங்கியபின் கொள்ளும் உணவும் ஒன்றல்ல. இதனை அறியாமையே பத்தியத்திற் பெரும்பிழை. மூண்டிருக்கும்போது குடலுக்குச் சக்கை குறைந்த உணவே ஏற்றது: குழைந்த சோறு, இட்டலி, இடியாப்பம், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு, சுரைக்காய், பூசணி, கனிந்த வாழைப்பழம், வேகவைத்த முட்டை, காரமின்றி அவித்த மீன், மசித்த பாசிப்பருப்பு. பாலால் வயிறு பொருமுவோர் பாலை விடுத்துத் தயிரைக் கொள்ளலாம். பலர்க்கு அது தீங்கு செய்வதில்லை. பச்சைக் காய்கறி, முழுப்பயறு, வறுகடலை, மக்காச்சோளம், மிளகாய்க் காரம், எண்ணெயிற் பொரித்தவை ஆகியவற்றை அந்நாட்களில் ஒதுக்கலாம். கழிச்சல் மிக்கபோது உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த நீரைச் சிறிது சிறிதாகப் பருகுதல் வேண்டும்.

ஈண்டு அப்பக்கத்து உணவொன்றைப் பற்றித் தனியே கூறவேண்டும். சின்னசேலத்தையும் ஆத்தூரையும் சூழ்ந்த நிலங்களில் மரவள்ளி மிகுதி. சேலத்தைச் சார்ந்த ஆலைகளில் அது ஜவ்வரிசியாகின்றது. வயிற்றுப்போக்கிற்கு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது அங்குள்ள வீடுகளில் இயல்பு. எளிதிற் செரிப்பது, குடலை உறுத்தாதது, இரண்டொரு நாள் உண்டால் குற்றமில்லை. ஆனால் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுதும் மாவுப்பொருளே. தசையை வளர்க்கும் புரதம் அதில் இல்லையென்றே சொல்லலாம். புண்பட்ட குடல் ஒவ்வொரு நாளும் புரதத்தையும் இரத்தத்தையும் கசியவிட்டுக்கொண்டிருக்க, நோயாளியைத் திங்கட்கணக்காகக் கஞ்சியிலேயே வைப்பது, ஓட்டைக் குடத்தில் நீரைக் குறைத்து வார்ப்பதை ஒக்கும். அக்கஞ்சியோடு ஒரு முட்டையோ, மசித்த பருப்போ, தயிரோ சேர்ந்தால்தான் அது நோயாளியின் உணவாகும். பத்தியம் என்ற பெயரால் அச்சமே உணவாகி, இதைத் தின்றால் வருமோ, அதைத் தின்றால் வருமோ என்று ஒவ்வொன்றாக விலக்கி எலும்புந் தோலுமாய் நின்றோர் பலர். அவர்களைக் கெடுத்தது நோயினும் பத்தியமே என்பது எம் கருத்து.

அழற்சி தணிந்தபின் நார்ச்சத்து மெல்ல மெல்ல மீளவேண்டும். குடல் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து ஆக்கும் பியூட்டிரேட் என்னும் பொருளே பெருங்குடற் செல்களுக்கு முதன்மையான உணவு. ஆதலின் நன்கு வெந்த கீரை, அவரை, கல்வராயன் மலையில் விளையும் சாமை, தினை முதலியவற்றை வாரத்திற்கொன்றாகச் சேர்த்துக் காணலாம். குரோன் நோயால் குடல் சுருங்கியோர் மட்டும் வாழைத்தண்டு, பனங்கிழங்கு, முருங்கைக்காய்ச் சக்கை போன்ற கட்டி நார்களை விலக்கல் வேண்டும். அவை வழியை அடைத்துவிடும்.

உணவே மருந்தாகும் இடமும் உண்டு. குரோன் நோயுற்ற சிறுவர்கட்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறெதுவுமின்றி முழுச்சத்துடைய நீருணவு மட்டும் கொடுப்பது, ஸ்டீராய்டுக்கு ஒப்பாக நோயைத் தணிக்கின்றது. பெருங்குடற்புண் அழற்சிக்கு அம்முறை தனியே பயன்படவில்லை. ஆனால் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையினர் 66 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வாரம் ஒரு முறையாக ஏழு வாரம் நலமுடையோரின் குடல் நுண்ணுயிர்களைச் செலுத்தி, அழற்சி தணிக்கும் உணவையும் ஓராண்டளவு தொடரச் செய்து, 2022-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான மருந்தளவை மட்டும் உயர்த்தப்பெற்ற பிரிவினரினும் இவர்களிற் பலர் நலம் பெற்றனர். நோய் மிதமாக இருந்தோரிடமே இது சோதிக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது.

மஞ்சளைப் பற்றிக் கேளாதார் இலர். ஜப்பானில் 2006-இல் வெளிவந்த சோதனையில் 89 பேர் பங்குகொண்டனர். மருந்தோடு நாளொன்றுக்கு 2 கிராம் குர்க்குமினும் உண்டோர்க்கு ஆறு திங்களில் நோய் மீளுதல் குறைந்தது. மருந்துக்கு மாற்றாக அன்று, மருந்தோடு! மஞ்சட்பொடியிற் குர்க்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கே. குழம்பில் இடும் சிட்டிகையால் அவ்வளவு கிட்டாது. அறுபது எழுபது கிராம் பொடியை நாள்தோறும் விழுங்குவாரும் இரார்.

நம் இளைஞனை மறந்துவிடவில்லை. மருந்தும் உணவும் ஒத்தமைய, மூன்று திங்களில் அவனுக்கு இரத்தம் நின்றது, எடை கூடிற்று, கொல்லைக்குப் போகின்றான். இதுவே ஆபத்தான வேளை. "நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு மாத்திரை?" என்று அவன் கேட்பான். மருந்தின் விலையும், மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் இழக்கும் கூலியும் அக்கேள்விக்குப் பின்னே நிற்கின்றன. அதனைச் சோம்பல் என்று பழித்தல் அறமன்று. எனினும் சிகாகோவில் மெசலமின் உண்டு நலமாயிருந்த 99 பேரைத் தொடர்ந்து நோக்கி 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மருந்தை ஒழுங்காக உண்ணாதோர்க்கு நோய் மீளும் வாய்ப்பு, உண்டோரைவிட ஐந்து மடங்குக்கு மேலாக இருந்தது. மீண்டு வரும் நோய்க்குச் செலவும் கூலியிழப்பும் முன்னிலும் மிகுதி. ஆகவே செலவு தாங்காதபோது தானே நிறுத்திவிடாமல், அதனை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் நன்று. பழைய சல்பாசலசின் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றது; அதனோடு ஃபோலிக அமில மாத்திரையும் சேர்த்து உண்ணல் வேண்டும், ஏனெனில் அம்மருந்து உணவிலுள்ள அச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும்.

பெண்கள் திறத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கருவுற்றதும் அச்சத்தால் எல்லா மருந்தையும் எறிந்துவிடுவது நல்லதன்று. மெசலமினும் அசதியோப்ரினும் பெரும்பாலும் தொடரப்படுவன. கருவுக்குத் தீங்கு விளைப்பது மெத்தோட்ரெக்ஸேட். அதனைக் கருவுறுதற்குப் பல திங்கள் முன்னரே நிறுத்துதல் வேண்டும். பெருங்குடற்புண் தொடங்கி எட்டாண்டு ஆனபின், எத்துணை நலமாயிருப்பினும், குடலை மீண்டும் குழாய் வழியே நோக்குவித்தல் மருத்துவர் விதித்த முறை. நெடுநாள் அழன்ற குடலிற் புற்று தோன்றக்கூடும். தொடக்கத்திலே கண்டால் நீக்கிவிடலாம். முதல் நாள் சீட்டையும், துணுக்குச் சோதனையின் விடையையும் தொலைக்காமல் வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தால், அந்த எட்டாண்டைக் கணக்கிடுதல் எளிது.