தண்ணீர் உப்புக் கரிக்கிறதா? போரை ஆழப்படுத்தும் முன் ஒரு பாடம்



பிள்ளைச்சாவடியில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து, கடன் விண்ணப்பம் எடுத்தோம். ஒரு உறுப்பினர் எழுந்து சொன்னார்: "மேடம், எங்க போர்ல தண்ணி உப்புக் கரிக்குது. மல்லாட்டைச் செடி இலை ஓரமெல்லாம் கருகிப் போவுது. இன்னும் நாப்பது அடி இறக்கினா நல்ல தண்ணி வரும்னு போர்காரரு சொல்றாரு. குழுவுல நாப்பதாயிரம் கடன் குடுங்க."

அவர் உட்காருவதற்குள் பின்னால் இருந்து இன்னொரு அக்கா பேசினார்: "நாங்களும் இப்படித்தாம்மா இறக்கினோம். ஆறு மாசம் நல்லா வந்துச்சு. அப்புறம் முன்ன இருந்ததை விட மோசம். தண்ணியும் போச்சு, கடனும் நிக்குது."

அன்று அந்தக் கடனுக்குத் தீர்மானம் எழுதவில்லை. "முதலில் தண்ணீரைச் சோதிப்போம், பிறகு முடிவு செய்வோம்" என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நம் குழுக்களில் விவசாயக் கடன் என்றால் போருக்கும் மோட்டாருக்கும்தான் அதிகம் கேட்கிறார்கள். அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்வோம்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

கடலோரத்தில் நிலத்துக்கு அடியில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கிறது. மழையில் இறங்கிய நல்ல தண்ணீர் மேலே. கடலில் இருந்து உள்ளே வந்த உப்புத் தண்ணீர் கீழே. நல்ல தண்ணீர் எடை குறைந்தது. அதனால் எண்ணெய் தண்ணீர் மேல் மிதப்பது போல, உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது.

இதில் முக்கியமான ஒரு கணக்கு உண்டு. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், அது கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்புத் தண்ணீரை அழுத்தி வைக்கும். நாம் மோட்டார் போட்டு இழுத்து, மேல்மட்டம் 1 அடி இறங்கினால், கீழே இருக்கும் உப்பு காலப்போக்கில் 40 அடி வரை மேலே ஏறும். இறங்கியது ஒரு அடிதானே என்று நமக்குத் தோன்றும். கீழே நடப்பது நாற்பது மடங்கு.

ஒரே இடத்தில் நீண்ட நேரம் மோட்டார் ஓடினால், அந்தப் போருக்கு நேர் கீழே உப்புத் தண்ணீர் கூம்பு போல மேலே எழும்பும். அப்போது போரை இன்னும் ஆழமாக இறக்கினால் நாமே உப்பைத் தேடிப் போகிறோம் என்று அர்த்தம். பின்னால் இருந்த அக்காவுக்கும் இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆனால் எல்லா இடத்திலும் ஆழம் என்றால் உப்பு என்றும் சொல்ல முடியாது. புதுச்சேரிப் பகுதியில் மணல் அடுக்கு, களிமண் அடுக்கு, மணற்பாறை அடுக்கு என்று பல அடுக்குகள் இருக்கின்றன. சில இடங்களில் கீழ் அடுக்கில் நல்ல தண்ணீர் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது போர் போடுபவர் அல்ல. வேளாண் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவில் கேட்க வேண்டும். புதுச்சேரியில் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 2002-ல் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. புதிய போருக்கு அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கேட்கப் போகும்போதே இந்தக் கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

நம் ஊருக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டிய பிறகு, அதற்கு வடக்கே உள்ள கரை அரித்துக்கொண்டே வந்தது. பிள்ளைச்சாவடியில் வீடுகள் போனதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். கடல் நெருங்கி வர வர, நம் கிணற்றுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள தூரமும் குறைகிறது.

மூட்டைக் கணக்கு

"கொஞ்சம்தான் கரிக்குது, செடிக்கு என்ன ஆகப் போவுது?" என்று கேட்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஏக்கருக்கு 2 அங்குல உயரம் தண்ணீர் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர் ஆகும். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் உப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு தடவை பாய்ச்சும்போது வயலில் 240 கிலோ உப்பு இறங்குகிறது. 50 கிலோ மூட்டையில் கிட்டத்தட்ட 5 மூட்டை. பத்து தடவை பாய்ச்சினால் 48 மூட்டை!

யாராவது நம் வயலில் 48 மூட்டை உப்பைக் கொண்டுவந்து கொட்டினால் சும்மா விடுவோமா? நம் கையாலேயே வாய்க்கால் வழியாகக் கொட்டுகிறோம். தண்ணீரைச் செடியும் வெயிலும் எடுத்துக்கொள்ளும். உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணில் உப்பு கூடினால், ஈரம் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீர் பாய்ச்சிய வயலிலும் செடி வாடி நிற்கிறது.

சுனாமி உப்பும் மோட்டார் உப்பும்

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் ஏராளமான வயல்களில் கடல் தண்ணீர் நின்றது. இனிமேல் இங்கே பயிரே வராது என்று பலர் பயந்தார்கள். ஆனால் படிந்த சேற்றை வாரி, வரப்பு கட்டி, நல்ல தண்ணீரால் கழுவி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். 2005-ல் பெய்த பெருமழையும் உப்பைக் கழுவியது. பல வயல்கள் ஓரிரு பருவங்களில் மீண்டும் விளைந்தன.

இதில் நமக்கு என்ன பாடம்? மேலே இருந்து ஒரே நாளில் வந்த உப்பை நல்ல மழை கழுவிவிடும். கீழே இருந்து தினமும் மோட்டாரில் ஏறும் உப்பை, மோட்டாரைக் கட்டுப்படுத்தாமல் கழுவ முடியாது.

தண்ணீரைச் சோதிப்பது எப்படி?

1. மோட்டாரைப் போட்டு 15 நிமிடம் ஓட விடுங்கள். முதலில் வருவது குழாயில் தங்கியிருந்த தண்ணீர்.
2. சுத்தமான அரை லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, நிரம்பப் பிடித்து மூடுங்கள்.
3. பெயர், ஊர், போரின் ஆழம், தேதி, என்ன பயிர் என்று எழுதி ஒட்டுங்கள்.
4. மண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். வயலில் நாலைந்து இடத்தில் அரை அடி ஆழம் வரை எடுத்துக் கலந்து அரை கிலோ போதும்.

உங்கள் பகுதி உழவர் உதவியகத்தில் கேளுங்கள். குரும்பாப்பட்டில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரியுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, சித்திரை வெயிலில் ஒன்று, மழை முடிந்து தை மாதத்தில் ஒன்று என்று பாருங்கள்.

கையடக்கமான டிடிஎஸ் மீட்டர் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குழுவுக்கு ஒன்று வாங்கி வைக்கலாம். அது காட்டும் எண்ணை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள்:

450-க்குக் கீழ்: எல்லாப் பயிருக்கும் பாய்ச்சலாம்.
450 முதல் 2,000 வரை: பயிர் பார்த்து, மண் பார்த்து, கவனமாகப் பாய்ச்ச வேண்டும்.
2,000-க்கு மேல்: தாங்கும் பயிர் மட்டும். ஆலோசனை இல்லாமல் பாய்ச்ச வேண்டாம்.

மீட்டர் அளவு தோராயமானது. கடன் வாங்கும் அளவு பெரிய முடிவு என்றால் ஆய்வக அறிக்கை கட்டாயம் வேண்டும்.

உவரா, களரா?

இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறோம். இல்லை. உவர் நிலத்தில் வெயில் காலத்தில் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். இதற்கு மருந்து, வடிகால் வெட்டி நல்ல தண்ணீரால் கழுவுவது. களர் நிலத்தில் தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கும். காய்ந்தால் மண் கல் போல இறுகும். இதற்குத்தான் ஜிப்சம் போட்டு, தண்ணீர் நிறுத்தி, வடித்து, பசுந்தாள் உரம் போட வேண்டும். சோதனை செய்யாமல் உவர் நிலத்தில் ஜிப்சம் கொட்டினால் பணம்தான் வீண். எத்தனை மூட்டை என்பதையும் மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

வயலில் நாம் செய்யக் கூடியவை

பயிரை மாற்றுங்கள். அவரை, பீன்ஸ், வெங்காயம், வெண்டை, மிளகாய், கத்தரி ஆகியவை உப்பைத் தாங்காது. நெல், மல்லாட்டை, தக்காளி ஓரளவு தாங்கும். ஆனால் மல்லாட்டை ஒரு அளவைத் தாண்டினால் சட்டென்று விளைச்சலை இழக்கும். காராமணி, சோளம், பருத்தி, தென்னை, சவுக்கு நன்றாகத் தாங்கும். நெல் வைப்பவர்கள் திருச்சி ரகங்களான டிஆர்ஒய் 1, டிஆர்ஒய் 3, கோவை ரகமான கோ 43 பற்றிக் கேளுங்கள். குழியடிச்சான், களர்பாலை என்ற பழைய ரகங்களும் உப்பு நிலத்துக்குப் பேர் போனவை.

மழையை வயலிலேயே நிறுத்துங்கள். நமக்கு வருடத்தில் 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டுகிறது. ஒரு ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் 4 லட்சம் லிட்டர் உப்பில்லாத தண்ணீர்! புரட்டாசியிலேயே வரப்பை உயர்த்திவிட்டால், அது மண்ணில் இறங்கி உப்பையும் கீழே தள்ளும், நிலத்தடி நீரையும் உயர்த்தும்.

கலந்து பாய்ச்சுங்கள். 2,000 உள்ள போர்த் தண்ணீரையும் 200 உள்ள குட்டைத் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால் 1,100 ஆகிவிடும். முளைக்கும்போதும் நாற்றுப் பருவத்திலும் செடிக்குத் தாங்கும் சக்தி குறைவு. அப்போது நல்ல தண்ணீரையே கொடுங்கள்.

இலை மேல் தெளிக்காதீர்கள். உப்புத் தண்ணீர் இலையில் பட்டுக் காய்ந்தால் கருகும். சொட்டுநீர் நல்லது, தண்ணீரும் குறையும், உப்பு வரவும் குறையும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு இதற்கு முழு மானியம் உண்டு. புதுச்சேரி உறுப்பினர்கள் உழவர் உதவியகத்தில் கேளுங்கள். மூடாக்குப் போட்டால் வெயில் உப்பை மேலே இழுக்காது. காய்ந்த இலை, தழை, வைக்கோல் எதுவும் போதும்.

மோட்டாரைப் பிரித்து ஓட்டுங்கள். ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் ஓட்டாமல், இரண்டு மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, ஊற விட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஊராகச் சேர்ந்து செய்ய வேண்டியது

நான் மட்டும் மோட்டாரைக் குறைத்தால் பக்கத்து வயல்காரர் இழுத்துக்கொள்வாரே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நிலத்தடி நீர் நம் குழுவின் பொதுச் சேமிப்பு மாதிரி. பெட்டி ஒன்று, கை பல. எல்லோரும் எடுத்து யாரும் கட்டாவிட்டால் குழு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சேமிப்பில் பணம் கட்டுவது ஏரியும் குளமும்தான். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரி, பாகூர் ஏரி உட்பட 84 ஏரிகள் உண்டு. போர்கள் பெருகிய பிறகு ஏரிகளை மறந்தோம். 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் நடந்தபோது, ஊர்தோறும் ஏரிச் சங்கங்கள் அமைந்தன. பெண்களும் அதில் இடம் பெற்றார்கள். நம் ஊர்க் குளம் தூர் வாரப்பட்டதா, வரத்து வாய்க்கால் அடைபட்டிருக்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கிராம சபையிலும் கம்யூன் பஞ்சாயத்திலும் மனுவாகக் கொடுங்கள்.

குத்தகைக்குப் பயிர் வைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. போர் நிலக்காரருடையது, உப்பால் வரும் நஷ்டம் உங்களுடையது. குத்தகை பேசும் முன்பே தண்ணீரைச் சோதித்துவிட்டுப் பேசுங்கள்.

அந்தக் கடன் என்ன ஆனது?

கடன் கேட்ட உறுப்பினரின் தண்ணீர் 2,000-க்கு மேல் காட்டியது. போரை இறக்கவில்லை. கடற்கரைப் பக்கம் இருந்த பாதி நிலத்தில் சவுக்கு நட்டார். மேற்குப் பக்கம் வரப்பை உயர்த்தி, மழையை நம்பி மட்டும் மல்லாட்டை போடுவது என்று முடிவு செய்தார். கன்றுக்கும் வரப்பு வேலைக்கும் சிறிய கடன்தான் வாங்கினார். "சவுக்கு வெட்ட மூணு நாலு வருஷம் ஆவும், அதுவரைக்கும் கஷ்டம்தான் மேடம். ஆனா நாப்பதாயிரம் தலைமேல இல்ல" என்றார். கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். ஆனால் கடன் மேல் கடன் ஏறாமல் தப்பித்தார்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை பேருடைய கிணறு, போர் முன்பு இனித்து இப்போது கரிக்கிறது? எந்த வருடத்திலிருந்து?
2. டிடிஎஸ் மீட்டர் வாங்கலாமா? எல்லார் வீட்டுத் தண்ணீரையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைப்பது யார் பொறுப்பு?
3. "போர், மோட்டார் கடனுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கட்டாயம்" என்று தீர்மானம் போடலாமா?
4. நம் ஊர்க் குளத்துக்கு மழைத் தண்ணீர் வரும் வழி எது? அடுத்த கூட்டத்துக்கு முன் இரண்டு பேர் நடந்து பார்த்து வர முடியுமா?

உங்கள் பதில்களைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எழுதிக் கொண்டு வாருங்கள். எல்லாக் குழுக்களின் கணக்கும் சேர்ந்தால், உப்பு எந்தத் தெரு வரை வந்திருக்கிறது என்று நாமே ஊர் வரைபடத்தில் கோடு போட்டுவிடலாம். அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பேசினால் நம் பேச்சுக்கும் மதிப்பு இருக்கும்.